கடுக்காய் பாயின் காது

தோல் தொட்டிகளில் ஆவாரம்பட்டை ஊறுகிற நெடி. பாலாற்றுப் பாலத்தை பஸ் தாண்டும்போது ஜன்னல் வழியாக ஏறி வருகிறது. பக்கத்து இருக்கைக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொள்கிறார். நான் பொத்துவதில்லை. துவர்ப்பும் சுண்ணாம்பும் பச்சைத் தோலும் கலந்த அந்த நெடி மூக்கில் ஏறியதும் என் காதுக்குள் நாலு குரல்கள் கிளம்பும். நாலும் நாலு பக்கம் போகும், ஒன்றையொன்று இடிக்காது. அவற்றின் பின்னாலேயே, யாரும் கூப்பிடாமல், அவன் வந்து நிற்பான். ஒல்லி. முழங்கை வரை சுருட்டிய வெள்ளைச் சட்டை. கடுக்காய்க் கறை ஏறிக் கறுத்த விரல்கள். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருப்பான்.

எதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பதுதான் இன்றைக்கும் என் வயிற்றெரிச்சல்.

பேச்சில் அவனை 'நீங்க' என்றுதான் சொல்வேன். மனசுக்குள் எப்போதும் 'அவன்'. ஜவ்வாது மலையில் எல்லாருக்கும் அவன் கடுக்காய் பாய். வாணியம்பாடியில் அவர்களுக்குச் சொந்தமாகத் தோல் பதனிடும் தொட்டிகள் இருந்தன. தோலுக்குத் துவர்ப்பு ஏற்றக் கடுக்காய் வேண்டும். அதை வாங்கக் காய்ப்பருவத்தில் ஜமுனாமரத்தூருக்கு வந்து, சந்தைக்குப் பின்னால் ஓர் ஓட்டு வீட்டில் தங்குவான். கடுக்காயை மற்ற வியாபாரிகள் கையில் தூக்கிப் பார்த்து வாங்குவார்கள். இவன் இரண்டை எடுத்துக் காதோரம் வைத்து ஒன்றோடொன்று தட்டுவான். "இது காய்ஞ்சிருக்குது. இது காய்ஞ்ச மாதிரி நடிக்குது." மூட்டை கொண்டுவந்தவர்கள் சிரிப்பார்கள். விலை குறைகிறதே என்று யாரும் முறைத்துப் பார்த்ததில்லை. அதுவே எனக்குப் பிடிக்காது.

நான் அப்போது மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். கோயில் பாடற்குழுவும் என் பொறுப்பு. பூசை இன்னும் லத்தீனில் நடந்துகொண்டிருந்த வருஷங்கள் அவை. அர்த்தம் பாதி புரிந்தும் பாதி புரியாமலும் நாங்கள் பன்னிரண்டு பேர் பழைய ஒற்றைக்குரல் பாட்டுகளைப் பாடுவோம். ஆஸ்பத்திரிக் கம்பவுண்டர், ஹாஸ்டல் சமையல்காரர் அருளப்பன், ஆயா, தோட்டத்து ஆட்கள், தையல் வகுப்புப் பெண்கள், என் மனைவி பிலோமி. எனக்கு ஹார்மோனியம். கட்டை விரலால் சுருதி, மற்ற விரல்களால் பாட்டு, புருவத்தால் கட்டளை.

அவன் முதன்முதலாக என்னிடம் பேசிய வார்த்தை இது. ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்து வெளியே வருகிறேன். பெண்கள் பக்கத்து ஜன்னலுக்கு வெளியே, பலாமரத்தில் சாய்ந்து நின்றிருந்தவன் என்னைத் தடுத்தான்.

"வாத்தியாரே, ஒண்ணு கேக்கலாமா? பன்னெண்டு வாய் அசையுது. பதினோரு குரல்தான் வெளிய வருது. ஒருத்தர் சும்மா வாய அசைக்கறாங்க. யாருங்க அது?"

"எல்லாரும்தான் பாடறாங்க," என்றேன்.

"இல்லீங்க." தலையைச் சாய்த்தான். "அந்த நீலப் பொடவைக்காரங்க."

நீலப் புடவை பிலோமி.

வீட்டுக்குப் போய், சோறு போடும்போது, சும்மா கேட்பதுபோலக் கேட்டேன். அவள் குழம்புச் சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னாள்: "எனக்குக் கனத்த குரல்ங்க. ஆம்பள மாதிரி இருக்குதுன்னு சின்ன வயசுலேயே சொல்லுவாங்க. உங்க பாட்டு மேல போவும்போது எனக்கு எட்டாது. எதுக்கு அசிங்கம்னு வாய மட்டும் அசைப்பேன்."

கல்யாணமாகி இரண்டாவது மழைக்காலம். ஒரே வீடு, ஒரே விளக்கு. நான் பாட்டுக்கு வாத்தியார். என் மனைவிக்குப் பாடாத குரல் ஒன்று இருக்கிறது என்று பலாமரத்தடியில் நிற்கிற கடுக்காய் வியாபாரி வந்து சொல்ல வேண்டியிருந்தது. பாதிச் சோற்றில் எழுந்து கை கழுவினேன். அவன்மேல் வந்த கோபத்துக்கு அன்றைக்கு என்னால் பெயர் வைக்க முடியவில்லை. இன்றைக்கு முடிகிறது.

அவனுக்கு அந்தக் காது எங்கிருந்து வந்தது என்று பிறகு தெரிந்தது. அவன் அத்தா தோல் படிப்புப் படிக்க அவனைச் சீமைக்கு அனுப்பியிருந்தார். குளிர் ஊர். பேச ஆளில்லை. தங்கியிருந்த வீட்டுக்கார அம்மா சாயங்காலங்களில் ஒரு பாட்டுக் கூட்டத்துக்குப் போகிறவள். இவனையும் இழுத்துக்கொண்டு போனாள். அங்கே நாற்பது பேர் நின்று, வாத்தியம் ஒன்றும் இல்லாமல், நானூறு ஐந்நூறு வருஷத்துப் பழைய பாட்டுகளைப் பாடினார்களாம். சில பூசைப் பாட்டு, சில காதல் பாட்டு. குயில் கூவுகிற பாட்டு கூட உண்டாம். "மொத நாளு பயந்துட்டேன், வாத்தியாரே. ஆளாளுக்கு ஒண்ணு பாடறாங்க. சண்ட போடறாங்களோன்னு நெனச்சேன். கடைசில எல்லாம் ஒரே எடத்துல வந்து ஒக்காருது. ராத்திரி பூரா தூக்கமே வரல. அடுத்த வாரம் நானும் கூட நின்னு பாடினேன்."

அந்தப் பாட்டு வளர்ந்த கதையை அவன் சொல்லும் விதம் எனக்கு எரிச்சல் மூட்டும். ஏனென்றால் அவ்வளவு நன்றாகச் சொல்வான். பள்ளிக்கூட வராந்தாவில் பாடற்குழு முழுவதும் வாயைப் பிளந்து உட்கார்ந்திருக்கும்.

"மொத மொத ஒரே குரல். மடத்துச் சாமியாருங்க பாடறது. தாளம் கெடையாது. மூச்சு எவ்ளோ தூரம் போவுதோ அவ்ளோ தூரம் பாட்டு. நீங்க இன்னிக்கும் பாடறீங்களே, அதான். எத்தினியோ நூறு வருசம் அப்படியே போச்சு. அப்பால எவனோ ஒருத்தன் அதே பாட்ட அஞ்சு சுரம் தள்ளி, கூடவே பாடினான். ரெட்ட மாட்டு வண்டி மாதிரி, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. அப்பால ஒரு மாடு நின்னுடுச்சு."

"நின்னுடுச்சா?" என்றாள் ஆயா, நிஜமாகவே மாட்டுக்காகக் கவலைப்பட்டு.

"கீழ்க்குரல் ஒரு சுரத்தப் புடிச்சுக்கினு அப்படியே நிக்குது. மேல்குரல் அது தலமேல தட்டான்பூச்சி மாதிரி பறக்குது. நிக்கறவனுக்கு அவங்க வெச்ச பேருக்கே புடிச்சு வெச்சிருக்கறவன்னுதான் அர்த்தம். அவன் வுட்டான்னா பறக்கறவன் எங்க போவான்? அப்பறம் மூணு குரல், நாலு குரல். எவன் எங்க ஒக்காரணும்னு தெரிய, இது நீட்டு சுரம், இது குட்ட சுரம்னு குறி போட்டாங்க. கடைசில வந்தவங்க இன்னும் கெட்டிக்காரங்க." மலைச்சாலையைக் காட்டினான். இரண்டு லாரிகள் பட்டை ஏற்றிக்கொண்டு இறங்கிக்கொண்டிருந்தன. "பாருங்க. முன்ன போறது மூணாவது வளைவுல திரும்புது. பின்ன போறது மொத வளைவுல அதே மாதிரி திரும்புது. அதே ரோடு, அதே திருப்பம், நேரம் மட்டும் வேற. ஒரு குரல் பாடினத அடுத்த குரல் கொஞ்சம் தாமதமா வந்து பாடும். அதுக்குள்ள மொத ஆளு வேற எங்கியோ இருப்பான்."

எல்லாரும் லாரிகளையே பார்த்தார்கள். பிலோமி மட்டும் கண்ணை மூடி, உதட்டுக்குள் எதையோ இரண்டு முறை திருப்பிப் பார்த்தாள். அதை நானும் பார்த்தேன், அவனும் பார்த்தான். எனக்கு முன்னால் பார்த்தான்.

அந்த வருஷம் மறைமாவட்டத்துக்கே தலைவரான மேற்றிராணியார் மலைக்கு வருவதாக இருந்தது. அவர் முன்னால் நாலு குரலில் ஒரு பாட்டுப் பாடவைக்கலாமா என்று அவனே எங்கள் கோயில் சாமியாரிடம் கேட்டான். சாமியார் வயதானவர். சின்ன வயதில் குருமடத்தில் அப்படிப் பாடியவர். கண் கலங்கிவிட்டார். ஆனால் ஒரு நிபந்தனை போட்டார்.

"பள்ளிக்கூடத்துல சொல்லிக் குடுங்க, பாய். பூசையில நீங்க பாடறது மட்டும் கூடாது."

"நான் எங்க சாமி பாடறேன்? எங்க அத்தாவுக்குத் தெரிஞ்சா என் தோல உரிச்சு எங்க தொட்டியிலேயே ஊறப் போட்டுடுவாரு."

என்னிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை.

பள்ளிக்கூடத்துக் கரும்பலகையை நாலு கட்டமாகப் பிரித்தான். ஒவ்வொரு கட்டத்திலும் ஒரு குரல். பலகை முன்னால் நாலு கும்பலாக நின்று, அவரவர் கட்டத்தை மட்டும் பார்த்துப் பாட வேண்டும். நான் ஸ்வரம் படிக்கத் தெரிந்தவன். அன்று மாலையே நாலு குரலையும் ஒரு பெரிய தாளில் ஒன்றின்கீழ் ஒன்றாக எழுதி எடுத்துக்கொண்டு வந்தேன், நடத்துகிறவனுக்கு முழுசும் தெரிய வேண்டுமே என்று.

வாங்கிப் பார்த்தான். மடித்து என் சட்டைப் பையிலேயே செருகினான்.

"அந்தக் காலத்துல இப்படிக் கெடையாதுங்க. ஒரே பெரிய புஸ்தகம். மேல ரெண்டு குரல், கீழ ரெண்டு குரல், தனித்தனியா. எல்லாரும் அதச் சுத்தி நிப்பாங்க. முழுப்பாட்டு எந்தக் கண்ணுக்கும் தெரியாது. காதுக்குத்தான் தெரியும். முழுசையும் ஒரே ஆளு பாத்தா அவன் தாசில்தாரு ஆயிடுவான், வாத்தியாரே."

எல்லாரும் சிரித்தார்கள். பிலோமியும் சிரித்தாள். அவள் கொஞ்சம் அதிகமாகவே சிரித்ததாக எனக்குப் பட்டது.

அப்படி ஒரு புஸ்தகத்தை அவன் பார்த்திருந்தான். சீமையிலிருந்து திரும்பும் வழியில், தோல் வாங்கும் ஒரு வெள்ளைக்காரரோடு ஏதோ ஒரு பழைய கோயிலுக்குப் போனபோது காட்டினார்களாம். ஆள் உயரத்தில் பாதி. பக்கமெல்லாம் தோல். "எல்லாரும் சுரத்தப் பாக்கறாங்க. எனக்கு மொதல்ல தோல்தான் கண்ணுல பட்டுச்சு. கன்னுக்குட்டி. துவர்ப்பு போடல. சுண்ணாம்புல ஊற வெச்சு, சட்டத்துல இழுத்துக் கட்டி, சுரண்டிச் சுரண்டி வெத்தல மாதிரி ஆக்கியிருக்கான். ஒரு எடத்துல தப்பா எழுதினதக் கத்தியால வழிச்சுட்டு அது மேலயே திருத்தி எழுதியிருக்கான். மோந்து பாக்கலாமான்னு கேட்டேன். காவல்காரன் எனக்குப் பைத்தியம்னு நெனச்சுட்டான்." சொல்லிவிட்டுத் தன் விரல்களைப் பார்த்தான். "பாடினவன் செத்துட்டான். எழுதினவன் செத்துட்டான். கன்னுக்குட்டி இன்னும் இருக்குது."

இப்படியொரு வாக்கியம் என் வாயில் வந்ததில்லை. எத்தனை தாள் கிழித்தும் இன்னும் வரவில்லை.

பயிற்சி பெரும்பாடு. எங்கள் ஆட்களிடம் ஒரு குணம் உண்டு. நல்ல குணம்தான், ஆனால் பாட்டைக் கொன்றுவிடும். யாராவது ஒருவர் தனியாக வேறு பக்கம் போனால் அவரைத் தனியாக விட மாட்டார்கள். சாப்பாட்டில், சாவில், சந்தைக்கு நடப்பதில் அப்படித்தான், பாட்டிலும் அப்படியே. நாலு குரலாகத் தொடங்குவோம். இரண்டாவது வரியில் கம்பவுண்டர் பாவம் கீழே ஒண்டியாக நிற்கிறாரே என்று தோட்டத்து ஆள் ஒருவர் போய்ச் சேருவார். அவருக்குத் துணையாக ஆயா. மூன்றாவது வரி முடிவதற்குள் எல்லாரும் ஒரே குரலில் கூடி, ஒருவரை ஒருவர் பார்த்துப் புன்னகை செய்துகொண்டிருப்பார்கள்.

அவன் ஆயாவைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொள்வான்.

"ஏன்மா, நீங்க எதுக்கு அங்க போனீங்க?"

"அவரு தனியா பாடினாரு, பாய்."

"தனியா பாடத்தாம்மா அவருக்குக் குடுத்தது!"

"பாக்கப் பாவமா இருந்துச்சு."

"பாட்டுல பாவம் பாக்காதீங்கம்மா. அவரவர் வூட்ல அவரவர் இருங்க. சுவர் இருந்தாதான் ஊரு."

பிலோமி மட்டும் அசையவில்லை. இரண்டாவது குரலை அவளுக்கும் ஆயாவுக்கும் கொடுத்திருந்தான். ஆயா ஊரெல்லாம் சுற்றிவிட்டுத் திரும்பும்போது பிலோமி அதே இடத்தில், அதே கனத்த குரலில், தரையில் கால் பதித்து நிற்பாள். வீட்டில் சாமை குத்தும்போது உலக்கையோடு அந்தக் குரல் இறங்கும். நான் வாசலில் உட்கார்ந்து கட்டுரை திருத்துவதாக நடிப்பேன். அழகான குரல். தேன் என்று சொல்ல மாட்டேன், ஈர மரத்தின் உள்வாசனை மாதிரி ஒரு குரல். அது என் வீட்டில் ஒலித்தது. ஆனால் அதை வெளியே கூப்பிட்டவன் சந்தைக்குப் பின்னால் கடுக்காய் தட்டிக்கொண்டிருந்தான். ஒரு வரி சரியாக வந்துவிட்டால் அவள் கேட்பாள்: "இத பாய் கேட்டா இன்னா சொல்லுவாரு?"

நான் இன்னா சொல்லுவேன் என்று அவள் கேட்டதில்லை.

எனக்கு மூன்றாவது குரல், அருளப்பனோடு. பிடித்து வைத்திருக்கிறவனின் குரல். என் சங்கடத்தை இங்கே சொல்லியாக வேண்டும். எனக்கு அது நிற்கவில்லை. படிக்கத் தெரியும், கணக்குத் தெரியும், ஹார்மோனியம் இருந்தால் மலையையே பெயர்த்துவிடுவேன். ஹார்மோனியத்தை அவன் ஒரு போர்வையால் மூடி மூலையில் தள்ளிவிட்டான். கை வெறுங்கையானதும் என் குரல் பிலோமியின் குரலைத் தேடிப் போய்விடும். எங்கள் ஆட்கள் இரக்கத்தில் போனார்கள். நான் எதில் போனேன் என்று எனக்குத் தெரியும். அவள் குரலுக்குப் பக்கத்தில் வேறு யாரும் நிற்கக் கூடாது என்று போனேன்.

"வாத்தியாரே, மறுபடியும் அம்மா வூட்டுக்குள்ள பூந்துட்டீங்க," என்பான். குழு முழுவதும் சிரிக்கும். "வெளிய வாங்க. தெருவுல நில்லுங்க."

மேற்றிராணியார் வருவதற்கு இரண்டு நாள் முன்னால் அவன் பட்டை லாரியோடு கீழே இறங்கினான். அந்த நாளுக்குள் திரும்பிவிடுவதாகச் சொல்லிவிட்டுப் போனான். "பலாமரத்துக்கிட்ட நின்னு கேப்பேன். வாய் தொறக்க மாட்டேன், சாமிக்கு வாக்கு குடுத்திருக்கேன்." எனக்கு ஒரே பயம்தான். மற்றவர்கள் விழுந்தால் மன்னிப்பு உண்டு. நான் விழுந்தால் பிலோமியின் கண் முன்னால், அவன் காது கேட்க விழுவேன்.

அன்று கோயில் நிறைந்து வழிந்தது. அருளப்பன் வரவில்லை. மேற்றிராணியாருக்குக் கோழி வேகவில்லை என்று அடுக்களையில் மாட்டிக்கொண்டார். மூன்றாவது குரலுக்கு நான் ஒருவன்தான். ஆண்கள் இடப்பக்கம், பெண்கள் வலப்பக்கம், ஜன்னலை ஒட்டி. ஹார்மோனியம் இல்லை. செலீனா என்கிற தையல் வகுப்புப் பெண் முதல் குரலை எடுத்தாள். முதல் லாரி கிளம்பிவிட்டது. பிலோமியும் ஆயாவும் பின்னால் இறங்கினார்கள். கம்பவுண்டர் கும்பல் அடியில். நான் என் இடத்தில் நுழைந்தேன். நாலும் நாலு பக்கம் போயின. 'இரக்கமாயிரும்' என்று பொருள்படும் அந்த ஒற்றைச் சொல் கூரைக்குக் கீழே ஒருவர் விட்ட இடத்தில் ஒருவர் பிடித்துப் பிடித்துச் சுழன்றது. யாரும் யார் வீட்டுக்கும் போகவில்லை. எங்கள் ஆட்களா இவர்கள்!

அந்த வியப்பில்தான் வழுக்கினேன். மற்றவர்கள் பாடுவதை ஒரு கணம் கேட்டுவிட்டேன். கேட்டதும் என் சுரம் கையை விட்டுப் போயிற்று. வாய் திறந்திருக்கிறது, குரல் இல்லை. நடுவில் ஒரு ஓட்டை. கம்பவுண்டர் கண்கள் என் பக்கம் திரும்பின. இனி ஒவ்வொருவராக இரக்கப்பட்டு வருவார்கள், எல்லாம் ஒன்றாகக் கூடி முடிந்தது என்று நினைத்தேன்.

அப்போது ஜன்னல் பக்கத்திலிருந்து என் குரல் வந்தது. என் வரி. தாழ்ந்த, கனத்த, நீட்டிப் பிடித்த சுரம். ஓட்டை அடைபட்டது. அதன் முதுகைப் பிடித்துக்கொண்டு நான் ஏறிவந்தேன். நான் வந்து சேர்ந்ததும் அது விலகிக்கொண்டது. பாட்டு போய் உட்கார வேண்டிய இடத்தில் உட்கார்ந்தது. சாமியார் அழுதார். மேற்றிராணியார், "ஹார்மோனியம் ரிப்பேரா?" என்று கேட்டார்.

வீட்டுக்கு நடக்கும்போது பிலோமி, "நடுவுல எங்கங்க போய்ட்டீங்க?" என்றாள்.

"எங்கியும் போகல," என்றேன்.

  எனக்குத் தெரியும், ஜன்னலுக்கு வெளியே பலாமரம். வாக்குக் கொடுத்தவன் வாக்கை மீறிப் பாடிவிட்டான். என்னைக் காப்பாற்றிவிட்டான். அவன் என் மனைவியின் குரலைக் கண்டெடுத்ததையாவது ஒரு நாள் செரித்திருப்பேன். என் குரலையும் அவனே பாடிவிட்டதை எப்படிச் செரிப்பது? நாலைந்து நாள் அதை வாய்க்குள் வெற்றிலை மாதிரி மென்றுகொண்டே இருந்தேன்.

பருவம் முடிந்தது. அவன் வீட்டுத் தொட்டிகளில் இனிமேல் கடுக்காய்க்குப் பதிலாகக் குரோம் உப்பாம், ஆகையால் மலைக்கு வரவே வேண்டாம் என்று அத்தா சொல்லி அனுப்பிவிட்டார். கடைசி மூட்டைகளை ஏற்றிக்கொண்டிருந்தபோது சந்தைக்குப் பின்னால் போய் அவனைப் பிடித்தேன்.

"பாய், ஒரு வார்த்த. சாமியார்கிட்ட குடுத்த வாக்க மீறிட்டீங்க."

"இன்னா வாக்கு?"

"பூசையில பாடினீங்களே. நான் வுட்ட எடத்துல. ஜன்னல்கிட்ட இருந்து."

கயிறு இறுக்கிக்கொண்டிருந்த கை நின்றது. "வாத்தியாரே, அன்னிக்கு நான் மலையிலியே இல்ல. கண்ணமங்கலத்துல லாரிக்கு ஆக்ஸில் ஒடிஞ்சு ரோட்ல ஒக்காந்திருந்தேன். பாட்டு எப்படிப் போச்சுன்னு ஊர்ல எல்லாரையும் கேட்டுக்கினு இருக்கேன், நீங்க ஒருத்தர்தான் சொல்லல."

"பொய் சொல்லாதீங்க. ஆம்பளக் குரல். கனத்த குரல். என் காதால கேட்டேன்."

அவன் தலையை ஒரு பக்கமாகச் சாய்த்தான். என் முகத்தில் எதையோ கேட்பதுபோல நின்றான்.

"ஜன்னலுக்கு வெளிய நான் இல்ல," என்றான் மெதுவாக. "உள்ளார யாரு நின்னாங்க?"

  நான் நின்ற நிலை அவனுக்குக் கேட்டிருக்கும்.

"ஆயாவ அங்க வுட்டுட்டு உங்க வரிக்கு வந்திருக்காங்க," என்றான். "நான் அத்தினி தடவ வேணாம்னு சொல்லியும்."

டிரைவர் ஹாரன் அடித்தார். அவன் முன்பக்கம் ஏறி, கதவை இழுத்துச் சாத்தி, தலையை வெளியே நீட்டினான். சிரிக்கப் பார்த்தான், வரவில்லை.

"நாப்பது பேரு நடுவுல நின்னு பாடினவன் நான், வாத்தியாரே. எத்தினியோ தடவ வுட்டிருக்கேன். எனக்காகத் தன் எடத்த வுட்டுட்டு ஒருத்தரும் வரல. போங்க. இங்க நின்னு என்னோட இன்னா பேச்சு? வூட்டுக்குப் போங்க."